மருந்து விலக்கிய மருத்துவர்: டாக்டர் அல்லின்சன் வரலாறு

புலால் உண்ணாதாரைத் தமிழ்மக்கள் சைவர் என்றும், அவர் உண்ணும் உணவைச் சைவவுணவு என்றும் வழங்குவர். பிற சமயத்தாரும் இச்சொல்லையே ஆளுதலின், உணவொழுக்கம் ஒன்றிற்குச் சமயத்தின் பெயரே பெயராய் நிலைத்துவிட்டது. ஆங்கில நாட்டிலும் இதனையொத்த வழக்கொன்று முன்னாளில் இருந்தது. ஊன் நீத்த உணவை அந்நாட்டார் பித்தாகொரசு என்னும் யவன ஞானியின் பெயரால் வழங்கி வந்தனர். வெஜிடேரியன் என்னும் சொல் அவரிடைப் பரவியது 1840-ஆம் ஆண்டுகளிலேயாம். 1847-ல் ராம்ஸ்கேட் என்னும் கடற்கரையூரில் அன்பர் சிலர் கூடிப் புலாலுண்ணாதார் சங்கம் ஒன்றை நிறுவிய பின்னர் அச்சொல்லே நிலைபெற்றது. ஞானி ஒருவரை நினைவூட்டிய பெயர் போய்க் காய்கறியை நினைவூட்டும் பெயர் வந்தது. பெயர் மாறிய அக்காலத்தே கருத்தும் சிறிது சிறிதாக மாறிவந்தமை அவ்வியக்கத்தின் வரலாற்றை நோக்குவார்க்குப் புலனாம்.

திருவள்ளுவர் புலான்மறுத்தலையும் கொல்லாமையையும் அறத்துப்பாலில், துறவறவியலுள் வைத்தார். மருந்து என்னும் அதிகாரத்தையோ பொருட்பாலில் வைத்தார். முன்னைய இரண்டும் அருள்பற்றி எழுந்தன. பின்னது உடல்பற்றி எழுந்தது. உண்டது அற்றதறிந்து அளவறிந்து உண்பார்க்கு மருந்து வேண்டாவென்பது அவ்வதிகாரத்தின் சாரம். சைவர் புலால் மறுப்பது அறத்துப்பாலின் வழி வந்தது என்பதில் ஐயமில்லை. மேனாட்டிலோ மருந்ததிகாரத்தின் வாயிலாகப் புகுந்து புலான்மறுத்தலை வந்தடைந்தார் பலர். அவருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் டாக்டர் தாமஸ் ரிச்சர்டு அல்லின்சன் என்னும் ஆங்கில மருத்துவர். இவர்தம் வாழ்வு காந்தியடிகளின் வாழ்வோடு இருமுறை வந்து கலந்தது. கொள்கையொன்றன் பொருட்டுக் கூடிய சங்கம் தன் உறுப்பினர் ஒருவரை எக்காரணத்தால் விலக்கலாம் என்னும் அரிய வினாவும் இவர் பொருட்டே எழுந்தது. ஆதலின் இவர் வரலாறு சைவவுலகம் அறிந்துகொள்ளற்பாலது.

அல்லின்சன் 1858-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மான்செஸ்டர் நகரைச் சார்ந்த ஹூல்ம் என்னும் இடத்தே பிறந்தார். பஞ்சாலைகளின் புகையாற் சூழப்பட்ட அந்நகரம் ஊனுண்ணாமைக்கும் பழைய நிலைக்களமாயிருந்தது வியப்பே. அதனை அடுத்த சால்போர்டில் 1809-ஆம் ஆண்டு முதலே வில்லியம் கௌஹெர்டு என்னும் பாதிரியார் தம் சபையார்க்குப் புலால் விலக்கைக் கட்டளையாக விதித்திருந்தார். புலாலுண்ணாதார் சங்கமும் பின்னர் மான்செஸ்டரையே தன் இருப்பிடமாகக் கொண்டது.

அல்லின்சன் செல்வக்குடியிற் பிறந்தவரல்லர். பதினைந்தாம் வயதிற் பள்ளியை விட்டு மருந்துக்கடையொன்றில் உதவியாளராய் அமர்ந்தார். மருந்துகளைப் பிற்காலத்தில் வன்மையாகக் கண்டித்தவர், அவற்றை நிறுத்தும் கலந்தும் பொட்டலங்கட்டியும் விற்கும் தொழிலிலேயே வாழ்க்கையைத் தொடங்கினார் என்பது குறிக்கத்தக்கது. தாம் சேர்த்து வைத்த சிறு பொருளும் மாற்றுத் தந்தையார் செய்த உதவியும் கொண்டு எடின்பரோ சென்று மருத்துவம் பயின்று, 1879-ல் அந்நகர மருத்துவக் கல்லூரியாரின் உரிமைப் பட்டத்தைப் பெற்றார். சில ஆண்டுகள் பிற மருத்துவர்க்குத் துணைவராயிருந்து தொழில் பழகிய பின், 1885-ல் இலண்டன் மாநகரில் தாமே தனித்து மருத்துவம் செய்யத் தொடங்கினார்.

அக்காலத்து மருத்துவம் இருந்த நிலையைச் சிறிது உணர்ந்தாலன்றி இவர் கொண்ட எதிர்ப்பின் காரணம் விளங்காது. இரசச் சரக்காகிய கலோமலும், அபினும், பாஷாணக் கலப்புகளும் அன்றைய மருத்துவர் கையில் நாடோறும் வழங்கின. காய்ச்சல் நோயாளிக்குச் சாராயம் கொடுத்தல் வலிமை தருமென்று பலர் நம்பினர். நோயுற்றார்க்கு மாட்டிறைச்சிச் சாறு முதலுணவாக விதிக்கப்பட்டது. சன்னலைத் திறந்தால் குளிர் புகும் என்று அஞ்சி நோயாளியை மூடிய அறையிற் கிடத்துதலும் பெருவழக்கு. இவற்றால் நோய் தணிந்தாரும் உளராகலாம். மருந்தாலேயே மெலிந்தாரும் பலர். இக்காட்சிகளை அருகிருந்து கண்ட அல்லின்சன், நோய்க்கு முதற் காரணம் உண்ணும் உணவு, உயிர்க்கும் காற்று, உடலுழைப்பு என்னும் இவற்றின் பிழையே என்றும், அப்பிழையை நீக்கினால் உடல் தானே தன்னைச் செப்பஞ் செய்துகொள்ளும் என்றும் துணிந்தார். 1886-ல் வெளியிட்ட நூலொன்றில் இம்முறையை விரித்து, அதற்கு 'ஹைஜீனிக் மெடிசின்' எனப் பெயரிட்டார். உடல்நல நெறி மருத்துவம் என்பது அதன் பொருள்.

அவர் விதித்தவை எளியன. ஊனும் மீனும் விலக்கல். கள், சாராயம், புகையிலை ஆகியவற்றை அறவே நீக்கல். காப்பி தேநீரையும் குறைத்தல். தவிடு களையாத கோதுமை ரொட்டி, பழம், காய்கறி, கீரை, பருப்பு ஆகியவற்றை உண்ணல். நாடோறும் நடத்தலும் நீராடலும். இரவும் பகலும் சன்னலைத் திறந்து வைத்தல். இவற்றைத் தமிழகத்துப் பாட்டியார் எவரும் சொல்லியிருப்பர் என்று இக்காலத்தார் நகைக்கக்கூடும். ஆயினும் பட்டம்பெற்ற மருத்துவர் ஒருவர் இலண்டனில் 1880-ஆம் ஆண்டுகளிற் புகையிலையை நோய்க்கு வாயில் என்று சொல்லியது துணிவுடைய செயலேயாம். புகையிலைப் புகைக்கும் நுரையீரற் புற்றுக்கும் உள்ள தொடர்பை டால், ஹில் என்னும் ஆங்கில ஆய்வாளர் இருவர் இலண்டன் மருத்துவமனைகளில் நோயாளரை வினவி வெளிப்படுத்தியது 1950-லேதான்.

ரொட்டியைப் பற்றி அவர் கொண்ட கருத்தே அவர் பெயரை நிலைபெறச் செய்தது. அதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். கோதுமை மணியின் புறத்தே தவிடும், ஒரு முனையில் முளையும், நடுவில் வெண்மாவும் உள்ளன. கல்லாலான எந்திரத்தில் அரைக்குங்கால் இம்மூன்றும் ஒருங்கே மாவாகும். சல்லடையால் தவிட்டை ஓரளவு நீக்கலாமன்றி முளையை முற்றும் பிரித்தல் அரிது. 1870-ஆம் ஆண்டுகளை ஒட்டி எஃகு உருளைகளால் அரைக்கும் புதிய ஆலைகள் மத்திய ஐரோப்பாவிலிருந்து இங்கிலாந்திற் புகுந்தன. அவை தவிட்டையும் முளையையும் தனித்தனியே பிரித்தெறிந்து தூய வெண்மாவை மட்டும் தந்தன. முளையில் எண்ணெய்ப்பசை உண்மையின் அது கலந்த மாவு விரைவிற் காறும். அஃதின்றேல் நெடுநாள் கெடாது. வணிகர்க்கு இதனினும் வேண்டுவது யாது? முன்னாளிற் செல்வர் மட்டுமே உண்ட வெள்ளை ரொட்டி ஏழை மக்களும் வாங்கத்தக்க விலைக்கு வந்தது. வெண்மையே மேன்மைக்கு அடையாளமெனக் கருதியிருந்த மக்கள் அதனை மகிழ்ந்து ஏற்றனர். நகரத்து ஏழைகட்கு ரொட்டியே நாள்முழுதும் உணவு. ஆதலின் ரொட்டியிற் சத்துக் குறைந்தால் அக்குறையை ஈடுசெய்ய அவர்க்கு வேறு வழியில்லை.

அல்லின்சன் இதனைக் கண்டு வெகுண்டார். இயற்கை ஒரு மணிக்குள் வைத்ததில் ஒன்றையும் களையலாகாதென்று 1889-ல் முழுமாவு ரொட்டியின் நன்மைகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். எழுதியதோடு அமையாது, 1892-ல் கிழக்கு இலண்டனைச் சார்ந்த பெத்னல் கிரீன் என்னும் ஏழையர் பகுதியிற் கல்லெந்திர மாவாலை ஒன்றை விலைக்கு வாங்கி, இயற்கையுணவுக் கம்பெனி ஒன்றைத் தொடங்கித் தாமே மாவரைத்து விற்கலானார். மருத்துவர் ஒருவர் மருந்தை விட்டு மாவு விற்றல் பலர்க்கு நகைப்பாயிற்று.

அவர் இதனைச் சொல்லிய காலத்தில் வைட்டமின் என்னும் சொல்லே தோன்றவில்லை. தவிட்டில் உள்ளதென்ன என்று கேட்பார்க்கு அவர் சொல்லத்தக்க விடை மலக்கட்டு நீங்குதல் முதலிய கண்கூடான பயன்களேயன்றி இரசாயன நூல்வழிப்பட்ட விடை அவரிடம் இல்லை. அவ்விடையின் தொடக்கம் கோதுமையில் அன்றி அரிசியிற் கிடைத்தது. சாவகத் தீவிற் பணிசெய்த எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகள் கால் விளங்காது வீழ்வதையும், தவிடு சேர்த்துக் கொடுத்தால் மீண்டும் எழுவதையும் 1890-ஆம் ஆண்டுகளிற் கண்டார். மக்களை வருத்திய பெரிபெரி நோயின் காரணம் இதனால் வெளியாயிற்று. அப்பொருளை 1926-ல் அதே தீவிற் பிரித்தெடுத்தனர். எய்க்மனுக்கு 1929-ல் நோபெல் பரிசு கிடைத்தது. தமிழகத்தில் நெல்லைப் புழுக்கிக் கைக்குத்தலாகக் குற்றி உண்ட பழைய முறை இவ்விடத்து நினைக்கத்தக்கது. புழுக்குங்காலத்துத் தவிட்டின் சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்று தங்குதலின், பின்னர்த் தீட்டினும் முற்றும் இழவாகாது. வெள்ளை வெளேரென்ற பச்சரிசியைப் பெருமைக்கு அடையாளமாகக் கொள்வாரும், வெள்ளை ரொட்டியை நாடிய இலண்டன் மக்களும் இவ்வகையில் ஒருதன்மையரே.

அல்லின்சன் கூறியவெல்லாம் மெய்யாயின என்று சொல்லற்கில்லை. அம்மைப்பால் குத்துதலைச் சட்டத்தாற் கட்டாயமாக்கியதை அவர் எதிர்த்தார். உடலைத் தூய்மையாக வைத்தலே போதுமென்பது அவர் எண்ணம். பெரியம்மை உலகத்தினின்றும் ஒழிந்துவிட்டதென 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவ்வொழிவு அம்மைப்பாலால் வந்ததன்றி உணவு மாற்றத்தால் வந்ததன்று. மருந்துகளுட் பல நஞ்சாயிருந்த காலத்தில் மருந்தனைத்தையும் நஞ்சென்று ஒருசேர ஒதுக்கியது அவர் முறையின் குறை. பெரும்பிழையைக் கண்டு வெகுள்வார் சிலபோது அதன் அருகே நின்ற மெய்யையும் சேர்த்து வெட்டிவிடுவர். இயற்கை மருத்துவத்தைப் போற்றுவார் இதனை மறைத்துப் பேசுதல் அவர்க்கும் நன்றன்று, கேட்பார்க்கும் நன்றன்று.

இனி, சங்கத்தில் நிகழ்ந்ததைக் காண்போர்க்கு அக்காலச் சூழல் சிறிது தெரிதல் வேண்டும். இலண்டன் புலாலுண்ணாதார் சங்கம் மான்செஸ்டர்ச் சங்கத்தினின்றும் பிரிந்து 1888-ல் தனிச்சங்கமாயிற்று. அதன் தலைவர் ஆர்னால்டு ஹில்ஸ் என்னும் செல்வர். தேம்ஸ் நதிக்கரையில் இருந்த பெரிய இரும்புக் கப்பல் தொழிற்சாலைக்கு உரியவர். சங்கத்திற்கும் அதன் வாரப் பத்திரிகைக்கும் வேண்டும் பொருளைப் பெரும்பாலும் அவரே நல்கினார். ஒழுக்கத்திற் கண்டிப்பானவர், கள்ளுண்ணாமை இயக்கத்திலும் முன்னின்றவர். ஓர் உயிரையும் கொன்று தின்னலாகாதென்ற அப்பெரியாரின் தொழிற்சாலையே ஆங்கில அரசின் போர்க்கப்பல்களையும் கட்டித்தந்தது என்பது உலகியல்பின் முரண்களுள் ஒன்று.

அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அல்லின்சனும் ஓர் உறுப்பினர். 1890-ல் அக்குழுவிற் புதிதாகச் சேர்க்கப்பட்டவர், சட்டம் பயில வந்திருந்த இருபத்தோராண்டு இளைஞராகிய மோகன்தாஸ் காந்தி. தாயாரிடம் செய்த சூளுறவுக்காக ஊன் உண்ணாதிருந்த அவர், இலண்டனிற் சால்ட் என்பவர் எழுதிய நூலைக் கற்ற பின்னரே கொள்கையால் ஊன் நீத்தவரானார். அல்லின்சனின் எழுத்துகளையும் அவர் அக்காலத்தே படித்துப் பயன்பெற்றார்.

அல்லின்சன் மருத்துவம் செய்தது பெரும்பாலும் உழைக்கும் மக்களிடையே. ஆண்டுதோறும் பிள்ளை பெற்று மெலிந்து மாளும் தாய்மாரையும், உணவின்றி வாடும் குழவிகளையும் கண்டு, கருத்தடை முறைகளை வெளிப்படையாக அவர்க்கு எடுத்துரைத்தார். அக்காலத்தில் இது மிக்க இடர் பயப்பது. கருத்தடையைப் பற்றிய சிறுநூலொன்றை வெளியிட்டதற்காக 1877-ல் பிராட்லா என்பாரும் அன்னி பெசன்டு அம்மையாரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். பிற்காலத்து அடையாற்றில் பிரம்மஞான சபைத் தலைவியாய் விளங்கிய அப் பெசன்டு அம்மையாரே இவர். இத்தகைய நூலை ஏழையரும் வாங்கும் விலைக்கு வெளியிட்டதற்காக ஆல்பட் என்னும் லீட்ஸ் நகர மருத்துவர் 1887-ல் மருத்துவர் பதிவேட்டினின்றும் நீக்கப்பட்டார். இத்தனையும் அறிந்தே அல்லின்சன் பேசினார்.

ஹில்ஸ் இதனைப் பொறாராயினார். இம்முறைகள் ஒழுக்கத்தின் வேரையே அறுப்பன என்பது அவர் கருத்து. இத்தகையார் சங்கத்தில் இருத்தலாகாதென்று, 1891-ன் தொடக்கத்தில் அல்லின்சனை விலக்கும் தீர்மானம் குழுவின் முன் வந்தது. குழுவினருட் பலர் ஹில்ஸின் ஆதரவிற்கு உரியவர்.

இளைஞர் காந்தியின் நிலை இவ்விடத்து நுண்ணியது. கருத்தடையைப் பொறுத்தவரையில் அவர் ஹில்ஸின் பக்கத்தவர். அந்நாளிலும் அதனை ஏற்றாரல்லர், பிற்காலத்தும் பிரமசரியமே வழி என்று வற்புறுத்தினார். ஹில்ஸிடம் அவர்க்கு மிகுந்த மதிப்பும் உண்டு. ஆயினும் சங்கத்தின் நோக்கம் புலாலுணவை விலக்குதல் ஒன்றே; குறித்த ஓர் ஒழுக்கநூலைப் பரப்புதல் அதன் நோக்கமன்று; ஊன் நீத்த எவரும், பிறவற்றில் அவர் கருத்து யாதாயினும், உறுப்பினராதற்கு உரியர் என்பது அவர் துணிபு. தலைவரை எதிர்த்துப் பேச நாவெழாமையால், தம் கருத்தை எழுதிக்கொண்டு கூட்டத்திற்குச் சென்றார். எழுதியதைப் படிக்கவும் நடுக்கம் விடவில்லை. மற்றொருவரைக் கொண்டு படிப்பித்தார். வாக்கெடுத்தபோது அல்லின்சன் தோற்றார். காந்தியடிகள் பொதுவாழ்வில் எடுத்த முதற் போர் இங்ஙனம் தோல்வியில் முடிந்தது. எனினும் தாம் நின்ற பக்கம் நேரியது என்னும் ஆறுதல் தமக்கு இருந்ததென அவர் தம் வரலாற்றிற் குறித்தனர்.

இவ்வழக்கில் இருதிறத்தாரும் தீயரல்லர் என்பது உளங்கொளற்பாலது. ஹில்ஸ் ஒழுக்கம் கெடுமோ என்று அஞ்சினார். அவ்வச்சத்தை இழிவாகக் கருதுதல் முறையன்று. சைவநூல்களும் புலனடக்கத்தையே வற்புறுத்துவன. அல்லின்சன் காட்டிய வழியை அவை வழிமொழியா. ஆயினும் ஊன் நீத்தல் என்னும் ஒரு குறிக்கோளுக்கென்று பொருள் திரட்டி ஆள் சேர்த்த சங்கம், அக்குறிக்கோளில் எள்ளளவும் வழுவாத ஒருவரைப் பிறிதொன்று பற்றி வெளியேற்றுமாயின், தன் விதியைத் தானே மீறியதாகும். பொருளுதவும் ஒருவரின் விருப்பம் விதியின் இடத்தைப் பற்றிக்கொள்ளுதற்கு அது வாயிலாயிற்று. அறச்சபைகள் பலவற்றில் இன்றளவும் வழக்குகள் எழுவது இவ்விடத்திலேயாம். ஒருவர் கருத்தை மறுப்பது வேறு, அவரது உரிமையைக் காப்பது வேறு என்னும் வேறுபாட்டை அக்குழுவிலிருந்த முதியோரினும் இளைஞரே நன்குணர்ந்தார்.

சங்கம் விலக்கிய மறு ஆண்டே மருத்துவவுலகமும் அல்லின்சனை விலக்கியது. 1885 முதல் அவர் இலண்டன் வாரப் பத்திரிகையொன்றில் மருத்துவப் பகுதியை நடத்தி வந்தார். ஏழை எளியார் எழுதி விடுக்கும் வினாக்களுக்கு அதில் விடை தருவார். அவ்விடைகளிலும் கட்டுரைகளிலும் பிற மருத்துவர் கொடுக்கும் மருந்துகள் நஞ்சென்றும், அவற்றை உண்ணற்க என்றும் எழுதினார்; தம்மிடம் வந்து அறிவுரை பெறுக என்றும் தம் இருப்பிடமும் கட்டணமும் குறித்து விளம்பரம் செய்தார். மருத்துவர் பாதுகாப்புச் சங்கம் என்னும் அமைப்பு இதுபற்றிப் பொது மருத்துவக் கவுன்சிலிடம் முறையிட்டது. அக்கவுன்சிலைத் தோற்றுவித்த சட்டம் 1858-ல், அல்லின்சன் பிறந்த அதே ஆண்டில், இயற்றப்பட்டதாகும். 1892-ல் கவுன்சில் அவரைத் தொழிலொழுக்கத்திற் பழிபடு செயல் புரிந்தவர் எனத் தீர்மானித்துப் பதிவேட்டினின்றும் அவர் பெயரை நீக்கியது.

அல்லின்சன் வாளாவிருக்கவில்லை, வழக்குத் தொடுத்தார். முறையிட்ட சங்கத்தோடு தொடர்புடைய ஒருவர் தீர்ப்பளித்த கவுன்சிலிலும் அமர்ந்திருந்தமையின் அத்தீர்ப்பு நடுநிலை பிறழ்ந்ததென்பது அவர் வாதங்களுள் ஒன்று. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1894-ல் அவ்வாதத்தை ஏற்காது கவுன்சிலின் தீர்ப்பையே உறுதிசெய்தது. அப்போது நீதிபதிகள் தொழிலொழுக்கப் பழி இன்னதென வகுத்துக் கூறிய இலக்கணம், அத்தொழிலில் நற்பெயரும் தேர்ச்சியும் உடையார் எதனை இழிவென நியாயமாகக் கருதுவரோ அதுவே பழி என்பதாம். அல்லின்சன் வழக்கு என்னும் பெயரால் இத்தீர்ப்பு ஆங்கிலச் சட்டநூல்களில் நெடுங்காலம் மேற்கோளாய் வழங்கிற்று. கூர்ந்து நோக்கின் இதன்கண் இடர் ஒன்றுண்டு. தொழிலிற் பெரும்பாலார் கொண்ட வழக்கம் பிழையாயிருக்குமாயின், அப்பிழையை ஊரறியச் சொல்வான் அப்பெரும்பாலார் கண்ணுக்கு இழிந்தவனாகவே தோன்றுவான். மற்றொருபுறம், தன்னையே விளம்பரப்படுத்திப் பிறரை நஞ்சூட்டுவோர் என்று தூற்றுவான் ஒருவனைத் தடுக்க விதியில்லையேல், பொய்ம்மருத்துவர் பெருகுவர் என்பதும் மெய்யே. அல்லின்சன் பொய்ம்மருத்துவரல்லர், எனினும் தம் தொழிலாரைத் தூற்றியதில் அவர் சொல் அளவு கடந்தது.

பதிவேட்டினின்றும் நீக்கப்பெற்றவர் ஆங்கில நாட்டில் மருத்துவம் செய்தற்குத் தடையில்லை. பதிவுபெற்ற மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளுதலும், சான்றிதழ் தருதலும், கட்டணத்திற்கு வழக்கிடுதலுமே இயலா. ஆதலின் அவர் தம் பணியை விடாது செய்தார். தம் நூல்களின் முகப்பிற் பெயரையடுத்து, பறிக்கப்பட்ட பட்டத்தின் எழுத்துகளுக்கு முன் 'முன்னாள்' என்னும் அடைமொழி சேர்த்து அச்சிட்டார். அவமதிப்பை மறைக்க எண்ணாது அதனையே அணியாகப் பூண்ட இச்செயல் அவர் இயல்பை நன்கு காட்டும்.

காந்தியடிகள் அவரை இரண்டாம் முறை கண்டது 1914-ல். தென்னாப்பிரிக்காவில் இருபதாண்டு அறப்போர் நடத்திய பின், முதல் உலகப்போர் தொடங்கிய அவ்வாகஸ்டு மாதத்தில் அவர் இலண்டன் வந்து சேர்ந்தார். சில காலம் முன்னர் நோற்ற பதினான்கு நாள் உண்ணாநோன்பால் உடல் தளர்ந்திருந்தது. இலண்டனில் நுரையீரலுறை அழற்சி பற்றிக்கொண்டது. பாலையும் 1912-லேயே விட்டிருந்தார். ஜீவராஜ் மேத்தா என்னும் மருத்துவ நண்பர் பால் பருகுமாறு வேண்டினார். தாம் பெரிதும் மதித்த கோகலேயும் வற்புறுத்தினார். காந்தியடிகள் இணங்கிலர். நோயோ தீரவில்லை. அந்நிலையில் அவர் நினைவிற்கு வந்தவர், இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் தாம் யாருக்காக எழுதிக்கொண்டு போனாரோ அந்த அல்லின்சனே.

அல்லின்சன் வந்து பார்த்தார். பால் இன்றியமையாததன்றென்றும், சின்னாட்களுக்குக் கொழுப்புப்பொருள் எதுவுமே வேண்டாவென்றும் சொன்னார். தவிட்டு ரொட்டியும், பீட்டுக்கிழங்கு, முள்ளங்கி, வெங்காயம் முதலியனவும், கீரையும், நாரத்தை இனத்து இனிய பழங்களும் உண்ணுமாறு விதித்தார். காய்கிழங்குகளை வேகவையாது, மென்றல் இயலாதாயின் துருவி உண்ண வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நீராடல், நோயுற்ற இடத்தில் எண்ணெய் தேய்த்தல், கால்மணி முதல் அரைமணி நேரம்வரை திறந்த வெளியில் நடத்தல், இரவும் பகலும் சன்னல் திறந்திருத்தல் என்பன பிற விதிகள். பாலைத் தள்ளியும் பிழைக்கலாமென்று மருத்துவர் ஒருவர் சொல்லக் கேட்டது அடிகளுக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. அவர் தங்கியிருந்த அறையின் பெரிய சன்னல்களைத் திறந்தால் மழை உள்ளே வந்தது. மேலுள்ள சிறு சன்னலோ திறக்க வாராதது. ஆதலின் அதன் கண்ணாடியை உடைப்பித்துக் காற்றுக்கு வழிசெய்தனர். நோய் முற்றும் நீங்காவிடினும் ஓரளவு தணிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் இந்தியாவிற்குப் புறப்பட்டார்.

பாலைப் பற்றிய இக்கருத்துச் சைவர்க்கு உடன்பாடாதல் அரிது. ஆனைந்தில் முதலிடம் பெற்று, இறைவன் திருமுழுக்கிற்கு உரியதாய் விளங்குவது பால். கன்றுக்கு விட்டு எஞ்சியதைக் கறந்து கொள்ளுதல் கொலையாகாது. காந்தியடிகள் பாலை நீத்ததற்குக் காரணமும் பால் தீதென்பது மட்டுமன்று. கல்கத்தாவிற் பசுக்களுக்குப் பால்வணிகர் செய்த கொடுமையைக் கேட்டு உளம் வருந்தியமையும் ஆம். அங்கே பேசியது மருந்ததிகாரமன்று, அருள்.

போர்க்காலத்தில் இங்கிலாந்தில் உணவு முடை மிகுந்தது. கடல்வழி வரும் கோதுமை குறையவே, 1917-ல் அரசாங்கம் மாவாலைகளுக்குக் கட்டளையிட்டு, மணியிற் களையும் பகுதியைக் குறைத்து மாவின் அளவை மிகுவித்தது. மக்கள் பழுப்பு நிற ரொட்டியை முணுமுணுத்துக்கொண்டே உண்டனர். அல்லின்சன் முப்பதாண்டுகளாய்ச் சொல்லியது பஞ்சத்தின் கட்டாயத்தால் நாட்டிற் புகுந்தது. இதற்கு ஈராண்டு முன்னர், 1915-ல், ஊனில்லாச் சமையல் பற்றிய அவரது நூல் வெளிவந்திருந்தது. வறியவர் வீட்டிற் கிடைக்கும் பண்டங்களைக் கொண்டே சமைக்கத்தக்க எளிய உணவுகள் அதிற் பல.

1918-ல், அறுபதாம் அகவையில், அல்லின்சன் காலமானார். அவர் மனைவியார் அன்னா அம்மையார் ஓவியக்கலை வல்லவர். அவர்தம் மக்களுள் ஆட்ரியன் ஓவியராய்ப் புகழ்பெற்றார். பெர்ட்ரண்டு மருத்துவராகித் தந்தையாரின் நெறியையே பின்பற்றி ஊன் நீத்த உணவையும் இயற்கை மருத்துவத்தையும் பரப்பினார். மாவாலைத் தொழில் அவர் மறைவிற்குப் பின் பெருகி, யார்க்ஷயர் நாட்டுக் காசில்போர்டில் ஆற்றங்கரையிலுள்ள பெரிய கல்லெந்திர ஆலை வரையிற் சென்றது. உரிமை பல கைகளுக்கு மாறினும், அல்லின்சன் என்னும் பெயரைத் தாங்கிய மாவுப் பைகளும் ரொட்டிகளும் பிரித்தானியக் கடைகளில் இன்றும் விற்கப்படுகின்றன.